'கெமிஸ்ட்' என்னும் சொல்லும் பிரித்தானிய வேதியியலாளர் அமைப்பின் தோற்றமும்

முன்னுரை

ஒரு துறையின் அறிஞர்கள் கூடி ஆய்வுரை படிக்கும் அமைப்பு கற்றோர் கழகம் எனப்படும். அத்துறையில் தொழில் செய்வோர்க்குத் தகுதி வகுத்துச் சான்றளிப்பது தொழிற்கழகம் ஆகும். பிரித்தானியாவின் ராயல் வேதியியல் கழகம் இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஆற்றுகிறது. அதன் வரலாற்றில் ஒரு சொல்லின் பொருள்மயக்கம் பெற்ற இடத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்றோர் கழகம்

1841-இல் இலண்டனில் 77 உறுப்பினருடன் வேதியியல் கழகம் தொடங்கப்பெற்றது. தாமஸ் கிரஹாம் அதன் முதல் தலைவர். 1848-இல் அது அரச சாசனம் பெற்றது. ஆய்வுரைகளைப் படித்து விவாதித்தலும் அவற்றை இதழாக வெளியிடுதலும் அதன் முதன்மைப் பணிகள். வேதியியலில் ஈடுபாடு உடையோரும் இதில் சேர இயன்றமையால், உறுப்புரிமை தொழில்திறனுக்குச் சான்றாகவில்லை.

பொருள்மயக்கம்

ஆங்கிலத்தில் 'கெமிஸ்ட்' என்னும் சொல் வேதியியல் ஆய்வாளரையும் மருந்து விற்பவரையும் குறித்தது. 1858-இல் பிராட்போர்டு நகரில், மிட்டாயில் கலக்கும் மலிவுப் பொருள் கேட்டவருக்கு மருந்துக் கடையில் ஆர்சனிக் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது. அம்மிட்டாயை உண்டோருள் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்துதல், உணவைப் பகுத்தாய்தல் என்னும் இரு தேவைகளை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்தின. முதல் தேவைக்காக எழுந்த 1868-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம், 'கெமிஸ்ட்' என்னும் பெயரை அச்சட்டப்படி பதிவுபெற்றோர்க்கே உரியதாக்கியது. இரண்டாவதற்கு, 1872, 1875-ஆம் ஆண்டுகளின் கலப்படத் தடைச் சட்டங்கள் பொதுப் பகுப்பாய்வாளரை நாடின. ஆயின் அவருக்குரிய தகுதியை வரையறுத்துச் சான்றளிக்கும் அமைப்பு இல்லை. பெயரோ மருந்து விற்போர் வசமாயிற்று.

தொழிற்கழகம்

இக்குறையை நிரப்ப 1877-இல் எட்வர்டு ஃபிராங்க்லாந்தைத் தலைவராகக் கொண்டு வேதியியல் நிறுவனம் எழுந்தது. பயிற்சியும் தேர்வும் அதன் உறுப்புரிமைக்கு அடிப்படையாயின. 1885-இல் அதுவும் அரச சாசனம் பெற்றது.

தேர்வை அளவுகோலாகக் கொண்டதன் விளைவொன்று கருதத்தக்கது. 1892-இல் எமிலி லாயிட் என்னும் பெண் தேர்வு வழியாக நிறுவனத்தில் இடம்பெற்றார். கற்றோர் கழகமோ 1904-இல் 19 பெண் வேதியியலாளர் விண்ணப்பித்தும் கதவைத் திறக்கவில்லை; 1920-இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வெளிப்படையான தகுதி வரையறை, தொழிலின் மதிப்பைக் காத்ததோடு புறந்தள்ளப்பட்டோர்க்கு வழியாகவும் அமைந்தமை இதனால் புலப்படும்.

இணைப்பு

1980-இல் வேதியியல் கழகம், வேதியியல் நிறுவனம், ஃபாரடே கழகம், பகுப்பாய்வு வேதியியல் கழகம் ஆகிய நான்கும் ஒன்றிணைந்து ராயல் வேதியியல் கழகம் ஆயின. ஆய்விதழ் வெளியிடுதல், பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளை மதிப்பிட்டு ஏற்பளித்தல், தகுதியுடையோர்க்குச் 'சார்ட்டர்டு கெமிஸ்ட்' என்னும் பட்டம் வழங்குதல், தொழில் ஒழுக்க நெறி வகுத்தல் ஆகியவை அதன் இன்றைய பணிகள். பழைய பொருள்மயக்கத்தை அப்பட்டத்தின் முன்னடை நீக்குகிறது.

முடிவுரை

தமிழில் வேதியியலாளர், மருந்தாளுநர் எனச் சொற்கள் வேறுபட்டு நிற்பதால் இம்மயக்கம் எழுவதில்லை. எனினும் சொல் தெளிவாக இருப்பதனாலேயே தகுதி வரையறை அமைந்துவிடாது. அதனை வகுத்துக் காக்க அமைப்பு வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தொழிற்பெயர்களை ஆராயும் கலைச்சொல்லாய்வாளர், சொல்லமைப்புடன் அப்பெயர்க்குப் பொருள் நிலைநிறுத்திய சட்டங்களையும் அமைப்புகளையும் சான்றாகக் கொள்ளுதல் தகும்.