வாடகை கேட்கலாம்; கதவை அடைக்கலாமா?

முன்பெல்லாம் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழும் தமிழர், மகளுக்கு வரன் தேட வேண்டுமானால் ஊருக்குக் கடிதம் எழுதுவார். தரகர் ஜாதகக் கட்டுடன் வருவார். கலியாணம் முடிந்தால் தரகுக் கூலி கொடுப்பார்கள். இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செயலிகள் செய்கின்றன. ஆனால் அந்தத் தரகருக்கும் மேலே ஒரு பெரிய தரகர் இருப்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் கூகுள் நிறுவனத்தின் 'பிளே ஸ்டோர்'. நம் நாட்டில் பெரும்பாலான கைப்பேசிகள் ஆண்டிராய்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் செயலி இறக்க நாம் பெரும்பாலும் போவது இந்தக் கடைக்குத்தான்.

ஆயிரத்துக்கு எவ்வளவு?

செயலிக்குள் விற்கும் சேவைகளுக்கு கூகுள் 15 முதல் 30 சதவீதம் வரை கட்டணம் கேட்டது. ஆயிரம் ரூபாய் விற்பனையில் 150 முதல் 300 ரூபாய் வரை அதற்கே போய்விடும். வேறு வழியில் பணம் வாங்கினால் 4 சதவீதம் மட்டும் குறைத்தது. அந்த வேறு வழிக்கும் தனிச் செலவு உண்டு.

தாராவியில் தோல் பை தைப்பவரிடம் ஒரு கடைக்காரர் நூற்றுக்கு முப்பது கேட்டால், அவர் அடுத்த கடைக்குப் போவார். செயலி செய்பவர் எங்கே போவார்?

கடையை நடத்தவும் பாதுகாப்புக்கும் செலவாகிறது, பெரும்பாலான செயலிகள் கட்டணமே கட்டுவதில்லை என்பது கூகுளின் வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2002ல் போட்டிச் சட்டம் வந்தது. பெரிய நிறுவனமாக இருப்பது இதன்படி குற்றம் அல்ல. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம்.

பிளே ஸ்டோர் பற்றி 2020ல் போட்டி ஆணையத்திடம் புகார் போயிற்று. புகார் கொடுத்தவரின் பெயர் உத்தரவில் மறைத்தே வைக்கப்பட்டது. 2022 அக்டோபர் 25 அன்று ஆணையம் கூகுளுக்கு 936 கோடியே 44 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

சென்னையின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட நிறுவனங்கள் புதிய கட்டண முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டியது என்று கூறி, 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது.

மார்ச் 1ல் நடந்தது

2024 மார்ச் 1. கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, இந்திய நிறுவனங்கள் பலவற்றின் செயலிகளை கூகுள் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பாரத் மேட்ரிமோனி, நமது மும்பையின் ஷாதி, வேலை தேடுவோர் நாடும் நௌக்ரி ஆகியவை அவற்றுள் அடங்கும். கடையில் புதிதாகத் தேடியவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகே சில நாட்களில் திரும்ப வைக்கப்பட்டன. அந்த மாதமே ஆணையம் புதிய கட்டண முறை பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது.

2025 மார்ச் 28 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கூகுள் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. ஆனால் அபராதத்தை 216 கோடியே 69 லட்சமாகக் குறைத்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

கதவை அடைக்க ஒரு நாள் போதும். அது நியாயமா என்று தீர்மானிக்க ஆண்டுகள் ஆகின்றன. கோடிகள் புரளும் நிறுவனம் காத்திருக்கும். நாலு பேர் சேர்ந்து செயலி செய்யும் நம் பிள்ளைகளால் அது முடியுமா? கட்டணம் எவ்வளவு என்பதோடு, தீர்ப்பு வரும்வரை கதவு திறந்திருக்குமா என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனும், வேலை தேடும் மகனும் நிற்பது அந்தக் கதவின் முன்தான்.