அம்மாவின் வலிக்கும் ஒரு டாக்டர்

1948 ஜூலை 5. பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசிய மருத்துவச் சேவை தொடங்கிய நாள். அதன்பின் டாக்டர்களைத் தேடி வந்தவர்களில் நடுத்தர வயதுப் பெண்கள் ஏராளம். கருப்பை இறங்கிப்போய், அந்த வேதனையோடு வருடக்கணக்கில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்தவர்கள். 1911-ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்பீடு சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு மட்டும்தான் டாக்டரைத் தந்தது. அவர் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இல்லை. இருக்கிற காசு பிள்ளையின் காய்ச்சலுக்குப் போய்விடும். அம்மாவின் வலிக்கு மிஞ்சாது.

மக்கள்நல அரசின் கதையை, சமூகக் காப்பீட்டுக்குத் திட்டம் தந்த 1942 பெவரிட்ஜ் அறிக்கையிலிருந்து சொல்வது வழக்கம். மக்கள் வரிசையில் நின்று வாங்கிய அரசாங்க அறிக்கை அது. ஆனால், அதற்கு முன்பே முப்பதுகளில் பட்ட அவமானம்தான் மக்களை அப்படி வரிசையில் நிற்க வைத்தது என்பேன். வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை தீர்ந்தபின்னும் வேலை கிடைக்காதவர் உதவி கேட்டால், அதிகாரி வீட்டுக்கே வந்து சாமான்களை நோட்டம் விடுவார். மகன் சம்பாதித்தால் அப்பாவின் தொகையில் வெட்டு. அதற்காகவே வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு.

அம்மாவுக்கென்று காசு மிஞ்சாத அந்த வீடுகளை நினைக்கும்போதுதான் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போனின் பிடிவாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரண்டாவது குழந்தையிலிருந்து வாரம் 5 ஷில்லிங் தரும் 1945 சட்டத்தின் முதல் வரைவில் பணம் அப்பாவுக்கு. தாயின் கையில்தான் தர வேண்டும் என்று போராடி மாற்றவைத்தார் அவர்.

மருத்துவத்துக்கு அப்படிப் பிடிவாதம் பிடித்தவர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகனான சுகாதார அமைச்சர் அனைரின் பெவன். அவர் பிறந்த ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் கொஞ்சம் போட்டு நடத்திய சங்கம், குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் பார்த்தது. அதையே நாடு முழுவதற்கும் விரித்தார். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சிறப்பு மருத்துவர்கள் தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று பெவன் இறங்கிவர வேண்டியிருந்தது. கஜானாவோ காலி. இரண்டாம் உலகப் போரின்போதுகூட இல்லாத ரொட்டி ரேஷன் 1946-ல் வந்திருந்தது. அந்த நிலையிலும் செய்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

1951-ல் பெவனின் சொந்தக் கட்சி அரசே பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தது. அதை எதிர்த்து அவர் அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். மறு ஆண்டு மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் அது இன்றும் இருக்கிறது. பெவனின் வேல்ஸ் 2007-ல் அதை எடுத்துவிட்டது.