மலைக்கு டாக்டர் ஏறுவாரா? கல்வராயன் மலையும் சர்வீஸ் கோட்டா சண்டையும்

உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூர் மாதிரி ஒரு ஊரில் ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலி வருதுன்னு வைங்க. 108-க்கு போன் போடுவாங்க. வண்டி உளுந்தூர்பேட்டையைத் தொட்டுட்டா சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. அப்புறம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுங்கறதுதான் கேள்வி. அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கல்வராயன் மலையில் உள்ள ஒரு குக்கிராமத்தில் வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருமா என்பதே முதல் கேள்வி.

இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசாங்கம் என்ற ஒன்று உள்ளே வந்ததே அதற்குப் பிறகுதான். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. நல்ல விஷயம்தான். ஆனால் கட்டடம் வந்தால் டாக்டர் வந்துவிடுவாரா? 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தபோது, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைக் கள்ளக்குறிச்சியில் மட்டும் வைத்துப் பார்க்க முடியவில்லை. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பிரித்து அனுப்பினார்கள். மெத்தனால் உடம்பில் ஏறினால் டயாலிசிஸ் வேணும், தீவிர சிகிச்சைப் படுக்கை வேணும், அதை நடத்தத் தெரிந்த ஸ்பெஷலிஸ்ட் வேணும். கடைசியாகச் சொன்னதைத்தான் டெண்டர் விட்டு வாங்க முடியாது.

சரி, ஸ்பெஷலிஸ்ட் எங்கிருந்து வருவார்? தமிழ்நாடு இதற்கு ரொம்ப நாளாக ஒரு வழி வைத்திருந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு, எம்.டி., எம்.எஸ். படிக்கத் தனி இடம். அதுதான் சர்வீஸ் கோட்டா. கணக்கு எளிது. ஒரு அரசுக் கல்லூரியில் 100 பி.ஜி. இடம் இருந்தால் 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மிச்சம் 50-இல் பாதி, அதாவது 25, அரசு டாக்டர்களுக்கு. கிராமத்துக்குப் போக ஒரு டாக்டருக்கு இதைவிடப் பெரிய காரணம் இருந்ததில்லை, சம்பளம் உட்பட.

2016-இல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், பட்ட மேற்படிப்பில் இப்படித் தனி இடம் வைக்கக் கூடாது என்றது. எட்டாத ஊர்களிலும் மலையிலும் வேலை பார்த்தால் வருடத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம், அவ்வளவுதான். அடுத்த வருடமே தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2019 அக்டோபரில் மறுபடியும் வேலைநிறுத்தம். அப்போது சம்பள உயர்வும் இந்த இடங்களும் சேர்ந்தே கோரிக்கை. 2020 ஆகஸ்ட் 31-இல் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான ஐந்து பேர் அமர்வு, இதை முடிவு செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. கோட்டா திரும்பி வந்தது.

எதிர்க்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. நீட்டில் அதிக மார்க் வாங்கிய, வேலைக்கே சேராத ஒரு இளம் டாக்டருக்கு, தன்னைவிடக் குறைவான மார்க் வாங்கியவர் அதே இடத்தில் உட்காருவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் என் பார்வையில் கோட்டாவுக்கு எதிரான நிஜமான கேள்வி மார்க் இல்லை. படித்து முடித்த ஸ்பெஷலிஸ்ட் எங்கே உட்காருகிறார்? மலையில் ரெண்டு மூணு வருடம் இருந்தவர் எம்.டி. முடித்ததும் பெரிய ஊருக்குப் போய்விட்டால், மலைக்குக் கிடைத்தது என்ன? அடுத்து பரீட்சைக்குத் தயாராகும் இன்னொருவர்தான். 2020 தீர்ப்பே இதைக் கவனித்திருக்கிறது. இந்த வழியில் படித்தவர்கள் பிறகு சில ஆண்டுகளாவது கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப் பகுதிகளில் வேலை செய்ய வேண்டும், அதற்குப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்றது. டிவி விவாதங்களில் இந்தப் பகுதியை யாரும் தொடுவதில்லை. கோட்டா வந்தது, வெற்றி, அதோடு செய்தி முடிந்தது.

டாக்டர் மேலே தங்கணும் என்றால் குவார்ட்டர்ஸ் வேணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணும், ரோடு வேணும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு அம்மா நடந்தே போனது ஞாபகம் இருக்கலாம். அப்போது அங்கே ரோடே இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாகவே வழக்காக எடுத்தது. அங்கேயும் ரோடும் சிகிச்சையும் ரேஷன் கார்டும் ஒரே மூச்சில்தான் பேசப்பட்டன.

இன்னொரு சின்ன விஷயம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். தலைக்கணக்கில் இது சலுகைதான். ஆனா மலையில அந்த 20,000 பேரும் ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க. இருபது வீடு இங்கே, ஒரு ஓடை தாண்டி பதினஞ்சு வீடு அங்கே. அளவுகோல் நடை நேரத்தில் இருந்திருந்தால், அதாவது எந்த வீட்டிலிருந்தும் இத்தனை நிமிஷத்தில் ஒரு நர்ஸை எட்டணும் என்று எழுதியிருந்தால், வரைபடமே வேற மாதிரி இருந்திருக்கும். கிராம சுகாதார செவிலியரும், 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண்களும் இன்னைக்கும் அந்தத் தூரத்தைக் காலால்தான் அளந்துட்டு இருக்காங்க.