இயந்திரங்களின் வெப்பமும் அதனை அகற்றும் முறைகளும்

வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் சிறு இயந்திரம் பெரும்பாலும் காற்றினாற் குளிர்விக்கப்படுவது. வயலை உழும் இரு சில்லு உழவு இயந்திரம் பெரும்பாலும் நீரினாற் குளிர்விக்கப்படுவது. இவ்வேறுபாட்டை அறிந்து இயந்திரத்தைப் பேணுதல் கமக்காரராகிய உங்களுக்கு நன்மை பயக்கும்.

எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ அதனிலுங் குறைவோதான் வேலையாக மாறுகின்றது. எஞ்சியது வெப்பமாக வெளியேறல் வேண்டும். சிலிண்டரினுள் எரியும் வாயு கணப்பொழுதில் 2000 பாகை செல்சியசையுந் தாண்டும். அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். வெப்பம் அகலாவிடின் எண்ணெய் நீர்த்துப்போய், பிஸ்ரன் சிலிண்டருடன் இறுகி இயந்திரம் நின்றுவிடும். பயிர் வாடும் வேளையிலேயே இது நேர்வதுண்டு. அப்பொழுதுதான் இயந்திரத்துக்கு ஓய்வில்லை.

காற்றினாற் குளிரும் இயந்திரத்தின் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய செட்டைகள் உள. வெப்பம் வெளிப்படும் பரப்பை இவை பன்மடங்காக்கும். பறப்புச் சில்லிலுள்ள விசிறி ஊதுங் காற்றை வெளித் தகட்டு மூடி இச்செட்டைகளினூடே செலுத்தும். மூடியைக் கழற்றிவிட்டால் இயந்திரம் நன்கு குளிரும் எனச் சிலர் எண்ணுவர். இது தவறு, மூடி இல்லையேல் காற்றுச் சிதறிப்போம். அடைத்த கொட்டிலினுள் வைத்து இறைப்பதும் ஆகாது. அங்கே சூடேறிய காற்றே மீண்டும் மீண்டும் ஊதப்படும்.

ஒரு கனவளவு நீர், அதேயளவு காற்றிலும் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை ஏற்க வல்லது. ஆயினும் றேடியேற்றரில் அந்நீரும் தன் வெப்பத்தைக் காற்றிடமே ஒப்படைக்கின்றது. ஆகவே சூடடிக்குங் காலத்தில் பறக்கும் பதரும் வைக்கோற் தூசும் இருவகை இயந்திரங்களுக்கும் பகையாம். நாடோறும், இயந்திரம் ஆறியபின், அவற்றைத் தூரிகையால் அகற்றுக.

றேடியேற்றரின்றி, மேலே நீர்த்தொட்டி மட்டுமுள்ள டீசல் இயந்திரங்களும் உண்டு. இவற்றில் நீர் கொதித்து ஆவியாகியே வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிக்கச் செய்ய வேண்டிய வெப்பத்திலும் ஏழு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், கொதித்த அந்நீரை ஆவியாக்க வேண்டும். எனவே ஆவி எழுவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீர் குறைவதே ஆபத்து. மிதவை தாழுமுன் நீர் ஊற்றுக.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் நீர் சுண்ணக்கற் பாறையினின்று ஊறுவது. அது கொதிக்குந்தோறும் சுண்ணாம்புப் படிவு உள்ளே தடித்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். வடிகட்டிய மழைநீர் கிடைப்பின் அதுவே நன்று.

இயந்திரம் மிதமிஞ்சிச் சூடேறினால், பளுவை நீக்கி நிறுத்துக. சூடான இரும்பிற் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், அது வெடித்துவிடக்கூடும். றேடியேற்றரிலுள்ள நீர் அமுக்கத்தில் இருப்பதால், மூடியை உடனே திறப்பின் கொதிநீர் சீறிப் பாய்ந்து முகத்தை அவித்துவிடும். கைபொறுக்குமளவு ஆறியபின், தடித்த துணியாற் பற்றி மெல்லத் திறக்குக.