பாஸ் பண்ண வேண்டியது பள்ளிதான்!

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அலையும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர் தனியார் பள்ளி ஒன்றில் விண்ணப்பம் கேட்டபோது, "அம்மா டிகிரியா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். "எஸ்.எஸ்.எல்.சி." என்றேன். "அப்போ வீட்ல யார் சொல்லித் தருவாங்க? இன்டர்வியூல நீங்களும் பாஸ் பண்ணணுமே!" என்றார் ஆபீசில் இருந்த பெண். "சொல்லித் தரத்தானேம்மா உங்ககிட்ட பணம் கட்டுறோம்" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி, சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, இன்டர்வியூ வைக்கக் கூடாது, நன்கொடையும் கூடாது. மீறினால் அபராதம். (சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது.)

அவர்கள் நம்மை எடை போடுவது இருக்கட்டும். நாம் பள்ளியை எடை போட வேண்டாமா? 2004-ல் கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 பிஞ்சுகள் கருகினவே, அதுவும் தனியார் பள்ளிதான். படிக்கட்டு அகலமா, வெளியேற இரண்டு வழி உண்டா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், டீச்சர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று பாருங்கள். பள்ளி விடும் நேரம் வாசலில் நின்று மற்ற தாய்மார்களிடம் பேசினால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அரசு கமிட்டி நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டும் பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

படிப்பு குறைவு என்று கூனிக் குறுகாதீர்கள், தோழிகளே. கேள்வி கேட்க டிகிரி தேவையில்லை!

- ஒரு வாசகி, விருத்தாசலம்.