விற்பனையே இல்லாத கம்பெனியின் கல்லாக் கணக்கு

கடை திறந்து ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இதுவரை ஒரு பொட்டலம்கூடச் சொந்தச் சரக்கு விற்கவில்லை. ஆனால் எண்ணூறுக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் சம்பளம் போகிறது. புதிய தொழிற்சாலையும் திறந்தாகிவிட்டது. இப்படி ஒரு கடை நம் பஜாரில் இருந்தால் எந்த மண்டிக்காரரும் கடனுக்கு ஒரு மூட்டை இறக்கமாட்டார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாடர்னா என்ற கம்பெனி 2019 இறுதியில் சரியாக இந்த நிலையில்தான் இருந்தது. கொரோனாத் தடுப்பூசியால் பின்னாளில் உலகமே அறிந்த பெயர் அது. அதற்கு முந்தைய மாடர்னாவின் கணக்கைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

மளிகைக் கடைக்காரருக்கு மருந்துக் கம்பெனிக் கணக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே பங்கு வாங்குகிறார்கள். அயல்நாட்டுப் பங்குகளும் அதில் சேர்த்தி. "புது மருந்து கண்டுபிடிக்கிறார்களாம், பத்து மடங்கு ஆகுமாம்" என்ற பேச்சு கல்லாவரை வந்துவிட்டது. கொள்முதலுக்கு வைத்த பணம் அந்தப் பக்கம் நகருமுன் கணக்கைப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

இவ்வகைக் கம்பெனிகளின் வேலை மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பது. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர், இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோர். மூன்றும் தேறி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்த பிறகுதான் விற்பனை. மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் கடைசிவரை தேறுவது ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஆகவே இங்கே நட்டம் என்பது அதிசயமல்ல. நட்டம் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். பார்க்க வேண்டியது வேறு: ரொக்கம் எவ்வளவு இருக்கிறது, மாதம் எவ்வளவு கரைகிறது, அது தீருமுன் சோதனை முடிவு வந்துவிடுமா?

மாடர்னாவின் 2019ஆம் ஆண்டு நட்டம் 51.4 கோடி டாலர். ஆனால் அவ்வாண்டு தொழில் நடப்பில் கையைவிட்டுப் போன ரொக்கம் 45.9 கோடி டாலர்தான். ஏன் இந்த வித்தியாசம்? ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்குகளும் கொடுக்கிறார்கள். அதன் மதிப்பு, ஏறக்குறைய 8 கோடி டாலர், செலவாக எழுதப்படும். பணமாக ஒரு காசும் வெளியே போகாது. கருவிகளின் தேய்மானம் 3 கோடியும் அப்படியே. இந்த இரண்டையும் கழித்தால் போன பணம் சுமார் 40 கோடியாகத்தானே இருக்க வேண்டும், 46 கோடி எப்படி ஆனது என்று கூர்மையான வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஆண்டு வருமானமாகக் காட்டிய 6 கோடி டாலரில் ஒரு பகுதி, பெரிய மருந்துக் கம்பெனிகள் கூட்டு ஆராய்ச்சிக்காக முந்தைய ஆண்டுகளிலேயே கொடுத்துவிட்ட முன்பணம். வேலை முடிய முடிய அதை வருமானப் பக்கத்தில் எழுதுகிறார்கள். பணமோ என்றோ வந்து செலவாகிவிட்டது. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. லாப நட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

இனி இருப்பு. 2019 டிசம்பர் 31 அன்று ஐந்தொகையில் ரொக்கம் என்ற வரியில் சுமார் 23.6 கோடி டாலர் மட்டுமே இருந்தது. ஆண்டுக்கு 46 கோடி கரைகிற இடத்தில் இது சுமார் ஆறு மாதம்தானே தாங்கும் என்று பதறத் தோன்றும். பதற வேண்டியதில்லை. கல்லாவில் மிஞ்சியதை நாம் வங்கியில் வைப்பாகப் போடுவதுபோல அவர்கள் கடன் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தார்கள். அதையும் சேர்த்தால் 126 கோடி டாலர். இப்படிப் பத்திரம் வாங்குவது ரொக்க ஓட்ட அறிக்கையில் 'முதலீடு' என்ற பகுதியில் பணம் வெளியே போனதாகத்தான் தெரியும். ஆனால் போனது பக்கத்து அறைக்கு, அவ்வளவுதான். ரொக்கத்தையும் பத்திரங்களையும் சேர்த்துக் கூட்டிய பிறகே மாதக்கணக்குப் போட வேண்டும்.

126 கோடியை 46 கோடியால் வகுத்தால் இரண்டே முக்கால் ஆண்டு, அதாவது சுமார் 33 மாதம். இங்கேதான் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். முந்தைய 2018இல் கரைந்தது 33 கோடி. 2019இல் 46 கோடி. சோதனை அடுத்த கட்டத்துக்கு ஏற ஏறச் செலவும் ஏறும். சென்ற ஆண்டுச் செலவை வைத்து வரும் ஆண்டை அளப்பது, ஆடி மாத விற்பனையை வைத்துத் தீபாவளிக்குக் கொள்முதல் செய்வது போன்றது.

அடுத்து, பணம் எங்கிருந்து வந்தது? விற்பனை இல்லாத கடைக்கு வரவு, பங்குகளை விற்பதில்தான். 2018 டிசம்பரில் மாடர்னா முதன்முறையாகப் பொதுமக்களிடம் பங்கு விற்றது. பங்கு ஒன்று 23 டாலர். திரண்டது சுமார் 60 கோடி டாலர். அதுவரை எந்த பயோடெக் கம்பெனியும் முதல் வெளியீட்டில் அவ்வளவு திரட்டியதில்லை. முதல் நாளே விலை 19 சதவீதம் சரிந்தது தனிக்கதை. 2020 பிப்ரவரியில், கையில் நூறு கோடிக்கு மேல் இருக்கும்போதே, முதல் விலையைவிடக் குறைவாக 19 டாலருக்குப் பங்கு விற்று மேலும் 50 கோடிக்கு மேல் திரட்டினார்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுபவனுக்கு யாரும் கடப்பாரை கொடுப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மே மாதம் தடுப்பூசியின் முதல் கட்ட முடிவு நம்பிக்கை தந்ததும் அதே பங்கு 76 டாலருக்குப் போனது. திரண்டது 134 கோடி. ஒவ்வொரு முறையும் புதுப் பங்கு வெளிவரும்போது பழைய பங்குதாரரின் கூறு சிறுத்துப்போகும் என்பதையும் மறக்கக்கூடாது. புதுக் கூட்டாளி சேரச் சேரப் பழைய கூட்டாளியின் பங்கு குறைவதை நாம் அறியாதவர்களா என்ன!

2020 கணக்குத்தான் எல்லாவற்றிலும் சுவாரசியமானது. அவ்வாண்டு நட்டம் 74.7 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட அதிகம். முப்பதாயிரம் பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனைக்குச் செலவு சாதாரணமா? அதில் அமெரிக்க அரசும் பெரிய அளவில் கை கொடுத்தது. ஆனாலும் தொழில் நடப்பில் வந்த ரொக்கத்தைப் பாருங்கள்: 203 கோடி டாலர் வரவு! நட்டம் காட்டிய ஆண்டில் கல்லா நிரம்பி வழிந்திருக்கிறது. அரசுகள் தடுப்பூசிக்குக் கொடுத்த அச்சாரம்தான் காரணம். ஆண்டு முடிவில் அவ்வகை முன்பணம் மட்டும் 380 கோடிக்கு மேல். அது லாபமல்ல, சரக்கு கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி. கல்யாணச் சமையலுக்கு அச்சாரம் வாங்கிய பணத்தில் வீடு கட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே கல்லா நிறைந்திருந்தாலும் யார் பணத்தால் என்று கேட்கத்தான் வேண்டும்.

அவர்கள் சரக்கைக் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் அவசரகால அனுமதி கிடைத்தது. 2021இல் வருமானம் 1,850 கோடி டாலர், லாபம் 1,220 கோடி. பத்து மடங்கு பேச்சுக்கெல்லாம் இந்த ஆண்டுதான் ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

அதே கம்பெனியின் இன்னொரு சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரசுக்கு எதிரான தடுப்பூசி அது. 2019 முடிவில் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. கொரோனா வராமல் இருந்திருந்தால் அந்த 126 கோடியில் கணிசமான பகுதி இதன் மீதுதான் கரைந்திருக்கும். சுமார் 7,500 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2025 அக்டோபரில் கம்பெனியே அறிவித்துவிட்டது. 33 மாத ரொக்கத்தை நம்பி இதற்காகப் பங்கு வாங்கியவர் ஆறு ஆண்டு காத்திருந்து இந்தச் செய்தியைக் கேட்டிருப்பார்.

கொரோனாத் தடுப்பூசிக்குக் கிராக்கி குறைந்ததும் கணக்கு மீண்டும் பழைய பக்கத்துக்குத் திரும்பியது. தேதி தாண்டிய சரக்கை நட்டத்தில் எழுத வேண்டியதாயிற்று. மளிகைக்காரருக்கு இது தெரிந்த வலிதான். 2023இல் நட்டம் 470 கோடி டாலர், 2024இல் சுமார் 360 கோடி. ரொக்கமும் பத்திரங்களும் சேர்ந்த இருப்பு ஓர் ஆண்டில் 1,330 கோடியிலிருந்து 950 கோடியாக இறங்கியது. வரவும் செலவும் சமமாகும் ஆண்டு 2026 என்று சொல்லிவந்த நிர்வாகம், 2024 செப்டம்பரில் அதை 2028 என்று மாற்றியது. ஆராய்ச்சிச் செலவையும் 2027க்குள் ஆண்டுக்கு 110 கோடி டாலர் அளவுக்குக் குறைப்பதாகச் சொன்னது. ஆண்டுக்கு 380 கோடி கரையும் கல்லாவில் 950 கோடி எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கை வாசகர்கள் ஒரு துண்டுத்தாளில் போட்டுக்கொள்ளலாம்.