இருநூறு மணி விமானியும் அயல்நாட்டு உத்தியோகமும்

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் இடத்தில், சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் அமைந்தது குப்பம். சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் அவ்வூராருக்குப் பிழைப்பை நாடி மாநில எல்லையைக் கடப்பது புதிதன்று. 1997இல் அங்கே திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2019இல் விமான நிலையம் ஒன்றுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது.

அவ்வூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று, நிலத்தை ஈடுவைத்து மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். மகன் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸும் பெற்றுவிட்டான். ஆனால் உள்நாட்டில் வேலை கிடைக்கத் தாமதமாகிறது. கடனுக்கு வட்டி ஏறுகிறது. அப்போது, “அயல்நாடு சென்றால் என்ன?” என்ற எண்ணம் எழுவது இயற்கையே. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும் கேட்கக்கூடிய இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

குப்பத்தில் பெற்ற மோட்டார் லைசென்ஸைக் கொண்டு ஓசூரிலும் கோலாரிலும் வண்டி ஓட்டலாம். விமானியின் லைசென்ஸ் அத்தகையதன்று. 1944இல் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு பெற்றதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் அதன் விமானியிடம் இருத்தல் வேண்டும். ஆகவே இந்திய லைசென்ஸ், இந்தியாவில் பதிவான விமானத்துக்கே நேராகச் செல்லும். வேறு நாட்டு விமானத்தைச் செலுத்த, அந்நாட்டின் ஒப்புதலைப் பெறவேண்டும். அல்லது தேர்வெழுதி அந்நாட்டு லைசென்ஸையே பெறவேண்டும். ஐரோப்பாவில் அதற்கென எழுதவேண்டிய தேர்வுகள் மட்டும் 13.

அடுத்தது மணிக்கணக்கு. இந்தியாவில் வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 200 மணி போதும். பெரிய பயணி விமானத்தின் தலைமை விமானிக்குரிய லைசென்ஸுக்கோ 1,500 மணி வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள 1,300 மணியே இளம் விமானி கடக்கவேண்டிய அகழி. அமெரிக்காவில் அது இன்னும் ஆழமானது. 2009இல் பஃபலோ நகரருகே நேர்ந்த விபத்தில் 50 பேர் மாண்டனர். அவ்விமானத்தின் இரு விமானிகளுமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். எனினும் அவ்விபத்தை அடுத்துப் பிறந்த சட்டத்தால், 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி விதியாயிற்று. ராணுவத்திலோ குறிப்பிட்ட கல்லூரிகளிலோ பயின்றவர்களுக்கு மட்டும் சிறிது சலுகை உண்டு.

மூன்றாவது, அந்நாட்டில் வேலை செய்யும் உரிமை. இதை நம் நாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இந்தியாவும் அயல்நாட்டு விமானிகளை அனுமதித்ததுண்டு. ஆனால் அது தற்காலிக அனுமதியே. அனுபவம் வாய்ந்த தலைமை விமானிகள் போதாதபோது அவ்விடத்தை நிரப்பவே அவர்களை அழைத்தனர். பிற நாடுகளின் போக்கும் பெரும்பாலும் இதுவே. “உலகெங்கும் விமானிகளுக்குப் பஞ்சம்” என்ற செய்தியைப் படிக்கும்போது, பஞ்சம் எந்த விமானிக்கு என்று கேட்கவேண்டும். 200 மணி விமானிகள் அங்கேயும் தம் சொந்தப் பிள்ளைகளாக வரிசையில் நிற்கின்றனர்.

அப்படியானால் கதவே இல்லையா? சிறு கதவுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டின் மவுன் ஊரிலிருந்து, ஒகவாங்கோ சதுப்பு நிலத்துக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சிறு செஸ்னா விமானங்களில் ஏற்றிச் செல்கின்றனர். குறைந்த மணி கொண்ட அயலாரும் அங்கே நேரில் சென்று வேலை தேடுவதுண்டு. இந்தோனேசியாவில் 2004இல் தோன்றிய சூசி ஏர் நிறுவனமும் அத்தகைய அயல்நாட்டு இளைஞரைத் துணை விமானிகளாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அங்கு மலையும் மேகமும் குறுகிய ஓடுபாதையும் மட்டுமே இடர்கள் அல்ல. 2023 பிப்ரவரியில் பாப்புவா மலைநாட்டில் இறங்கிய அந்நிறுவனத்தின் நியூசிலாந்து விமானியைப் போராளிகள் சிறைபிடித்து, 2024 செப்டம்பரில்தான் விடுவித்தனர்.

ஆகவே பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்போம். அந்நாடு நமக்கு வேலை அனுமதி தருமா? நம் லைசென்ஸை ஏற்குமா, அல்லது மீண்டும் தேர்வெழுதவேண்டுமா? அந்த நிறுவனம் கேட்கும் மணி நம்மிடம் உண்டா? முதற் கேள்விக்கு விடை “இல்லை” என்றால், மற்ற இரண்டுக்கும் செலவிடும் பணம் வீண். முகவர் எவரேனும் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கவேண்டும். “பணம் கட்டு, துணை விமானியாக உட்கார்ந்து மணி சேர்த்துக்கொள்” என்னும் அழைப்பில், ஊதியம் பெறவேண்டியவன் ஊதியம் கொடுப்பவனாகிறான். அந்தப் பணம் தீர்ந்ததும் இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்கவும் வேண்டியதில்லை. பயிற்சி ஆசிரியர் தகுதி பெற்றால், பிறருக்குக் கற்பித்தவாறே தன் மணிக்கணக்கையும் உயர்த்தலாம், ஊதியமும் உண்டு. மருத்துவச் சான்றையும், கருவிகளை மட்டுமே நோக்கிப் பறக்கும் தகுதியையும் காலாவதியாக விடலாகாது. வானொலித் தொடர்புக்கான ஆங்கிலத் தேர்வில் நான்காம் படியே சர்வதேசக் குறைந்த அளவு. அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஆறாம் படியை எட்டியவருக்கு மறுதேர்வு இல்லை.

வெளிநாடு செல்லும் ஆசை தவறன்று. உள்ளூரில் ஓராயிரம் மணியைச் சேர்த்துக்கொண்டு செல்பவனுக்குத் திறக்கும் வாயில்கள் பல. 200 மணியோடும் கடனோடும் செல்பவனுக்கு அவை மிகச் சில. ஈடுவைத்த நிலத்தை மீட்கும் வழி, பெரும்பாலும் வீட்டுக்கு அருகிலுள்ள ஓடுபாதையிலேதான் தொடங்குகிறது.